ஒரே புரோகிராம், ஆறு ஃபைல்கள்: உங்கள் கம்ப்யூட்டருக்கு எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ஒரு புரோகிராமை டவுன்லோட் செய்யப் போனால் ஏழெட்டு ஃபைல்கள் வரிசையாக நிற்கின்றன. விண்டோஸ்-ஏஎம்டி64, விண்டோஸ்-ஏஆர்எம்64, லினக்ஸ்-386, டார்வின்-ஏஆர்எம்64... என்னிடம் இருப்பது இன்டெல் ஆயிற்றே, ஏஎம்டி என்று போட்டிருப்பதை எடுக்கலாமா?"

தாராளமாக எடுக்கலாம். இன்டெல் வரிசை பிராசஸர்களை 64 பிட்டுக்கு உயர்த்தும் முறையை முதலில் கொண்டு வந்தது ஏஎம்டி நிறுவனம். 2003ல் அந்தப் பிராசஸர்கள் விற்பனைக்கு வந்தன. 2004ல் இன்டெல்லும் அதே முறையைப் பின்பற்றியது. பெயர் மட்டும் ஏஎம்டி64 என்றே தங்கிவிட்டது. எக்ஸ்64, எக்ஸ்86-64 என்று சிலர் எழுதுவதும் இதையேதான். வெறும் எக்ஸ்86 அல்லது 386 என்று இருந்தால் அது பழைய 32 பிட்.

டார்வின் என்பது ஆப்பிள் மேக். பெயரின் கடைசியில் 'வின்' இருக்கிறதே என்று விண்டோஸ்காரர்கள் எடுத்துவிடாதீர்கள்!

உங்களுடையது எது என்று தெரியவில்லையா? விண்டோஸ் 10 அல்லது 11ல் ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் எத்தனை பிட், பிராசஸர் எந்த வகை என்று இரண்டும் இருக்கும். பிராசஸர் 64 பிட்டாக இருந்து, ஆபரேட்டிங் சிஸ்டம் 32 பிட்டாக இருந்தால் 32 பிட் ஃபைலைத்தான் எடுக்க வேண்டும்.

சரி, ஏன் இத்தனை ஃபைல்கள்? நாங்கள் எழுதும் புரோகிராம் வெறும் எழுத்துதான். அதைப் பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். இன்டெல் வகைக்குப் புரியும் கட்டளை, ஏஆர்எம் வகைக்குப் புரியாது. அதோடு, ஃபைல் எப்படி அடுக்கப்பட வேண்டும் என்பதில் ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. இதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் ஏதாவது ஒரு சிறிய எக்ஸி ஃபைலின் நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகள் 'எம்', 'இசட்' என்று இருக்கும். இந்த ஃபைல் அமைப்பை டாஸ் காலத்தில் வடிவமைத்த மைக்ரோசாப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல்கள் அவை. லினக்ஸ் புரோகிராமில் இந்த இடத்தில் 'இ எல் எஃப்' என்று இருக்கும். பார்த்தபின் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்.

ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு வேறு வகைக் கம்ப்யூட்டருக்கான ஃபைலைத் தயாரிப்பதற்கு 'கிராஸ் கம்பைல்' என்று பெயர். ஏதோ அபூர்வ வேலை என்று நினைக்க வேண்டாம். உங்கள் செல்போனில் உள்ள ஆப்கள் எல்லாமே வேறொரு கம்ப்யூட்டரில் இப்படித் தயாரிக்கப்பட்டவைதான்.

டெய்லரிடம் அளவுச் சட்டை கொடுத்துவிட்டு வருகிறோம் அல்லவா? ஆளைப் பார்க்காமலேயே அவர் தைத்துவிடுகிறார். கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும் சேர்ந்த டூல்செயினிடம், ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் இப்படி ஓர் அளவுச் சட்டை இருக்க வேண்டும். முன்பெல்லாம் அதைத் தேடிச் சேகரித்து அமைப்பதற்கே நாள் கணக்கில் ஆகும்.

நான் பயன்படுத்துவது 2009ல் கூகுள் வெளியிட்ட 'கோ' மொழி. 2015 ஆகஸ்டில் வந்த அதன் 1.5 பதிப்பில் கம்பைலரையே கோ மொழியில் மாற்றி எழுதினார்கள். அன்றிலிருந்து கிராஸ் கம்பைல் செய்வது மிக எளிது. ஆபரேட்டிங் சிஸ்டம் பெயர் ஒன்று, பிராசஸர் பெயர் ஒன்று, இரண்டை மட்டும் மாற்றினால் போதும். நாற்பதுக்கும் மேற்பட்ட ஜோடிகள் உண்டு. புரோகிராமுக்குள் சி மொழியில் எழுதிய பகுதிகள் கலந்திருந்தால் மட்டும் இந்தச் சுகம் போய்விடும். அதற்கு ஆண்ட்ரூ கெல்லி உருவாக்கிய 'ஜிக்' டூல்செயின் நல்ல துணை. பல சிஸ்டங்களுக்கு வேண்டிய சி லைப்ரரி விஷயங்களை ஒரே டவுன்லோடில் சுமந்து வருகிறது.

போட்டோக்களுக்கு அவை எடுக்கப்பட்ட தேதி, நேரத்தையே பெயராக வைக்கும் சிறு புரோகிராம் ஒன்றை எழுதியிருக்கிறேன். என் லேப்டாப் லினக்ஸ். அதில் உட்கார்ந்தபடியே விண்டோஸுக்கு மூன்று, மேக்குக்கு இரண்டு, லினக்ஸுக்கு ஒன்று என ஆறு ஃபைல்கள் சில நிமிடங்களில் தயார். ஆனால் சட்டை தைத்தாகிவிட்டது என்பது வேறு, அது உடம்புக்குப் பொருந்துகிறது என்பது வேறு.

உதாரணம் சொல்கிறேன். காலை 10:30க்கு எடுத்த படத்துக்கு அந்த நேரத்தையே பெயராக வைத்தால் லினக்ஸில் பிரச்சினை இல்லை. விண்டோஸில் ஃபைல் பெயருக்குள் அந்த இரட்டைப் புள்ளி கூடாது. கம்பைலர் இதைப் பற்றி மூச்சே விடாது. அதனால் என் புரோகிராம் எல்லா சிஸ்டத்திலும் சிறு கோடுதான் போடுகிறது.

இதைவிட ஆபத்தானது ஆங்கில எழுத்து விவகாரம். பெரிய எழுத்தில் ஒரு பெயர், அதே பெயர் சிறிய எழுத்தில் இன்னொன்று. லினக்ஸுக்கு இவை இரண்டு படங்கள். விண்டோஸிலும் மேக்கிலும், வழக்கமான அமைப்பில், இரண்டும் ஒரே பெயர். கவனிக்காத புரோகிராம் ஒன்றின் மேல் மற்றொன்றை எழுதிவிடும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் அப்படிப் போனால் யார் எடுத்துத் தருவது? பெயர் மோதினால் பின்னால் ஓர் எண்ணைச் சேர்க்கும்படி எழுதியிருக்கிறேன். எழுதியதோடு விடாமல் நண்பர்களின் விண்டோஸ், மேக் கம்ப்யூட்டர்களில் ஓட்டியும் பார்த்தேன்.

டவுன்லோட் பட்டியலில் உங்கள் கம்ப்யூட்டர் வகையின் பெயர் இருந்தாலும், அந்த ஃபைலை யாராவது ஓட்டிப் பார்த்தார்களா என்பதைப் பட்டியல் சொல்லாது. போட்டோ, கணக்கு போன்றவற்றில் கை வைக்கும் புரோகிராம் என்றால் முதலில் ஐந்தாறு ஃபைல்களின் நகலை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு அதில் ஓட விடுங்கள்.

தவறான ஃபைலை எடுத்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் கெடாது. 'திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி' என்று விண்டோஸ் சொல்லிவிடும். வேறு வகை ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஏஆர்எம் பிராசஸர் கொண்ட விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் எக்ஸ்64 ஃபைலும் பொதுவாக ஓடும், உள்ளுக்குள் மொழிபெயர்த்து ஓட்டுவதால் வேகம் கொஞ்சம் குறையலாம். இன்டெல் கம்ப்யூட்டரில் ஏஆர்எம்64 ஃபைல் ஓடாது.

பழைய கம்ப்யூட்டர்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். என் மாமா வீட்டில் இன்றும் விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். 2023 ஆகஸ்டில் வந்த கோ 1.21 பதிப்பிலிருந்து குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். அவருக்காக மட்டும் அதற்கு முந்தைய 1.20 பதிப்பை வைத்திருந்து 386 ஃபைலைத் தயாரிக்கிறேன். இந்தப் பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. இன்டர்நெட் பக்கமே போகாத போட்டோ புரோகிராம் என்பதால் சம்மதித்தேன். இன்டர்நெட்டில் தொடர்பு கொள்ளும் புரோகிராமாக இருந்தால் மாமாவாகவே இருந்தாலும் தரமாட்டேன்.

ஆறில் நான்கு ஃபைல்களை உரிய கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. இன்டெல் மேக்குக்கும் ஏஆர்எம் விண்டோஸுக்குமான இரண்டும் என் ஃபோல்டரிலேயே தூங்குகின்றன. அந்தக் கம்ப்யூட்டர்கள் எனக்குத் தெரிந்தவர் யாரிடமும் இல்லை. யாராவது வாங்கட்டும், ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.