நாள் தள்ளிப்போவதற்கு முன்பே

கீரையை அரிந்து, குண்டான் நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு, வெந்த தண்ணீரை அப்படியே வடித்துக் கொட்டுவது பல வீடுகளில் வழக்கம். அந்தப் பச்சைத் தண்ணீரோடு ஒரு சத்தும் போய்விடுகிறது. கர்ப்பிணிகளுக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படும் சத்து வேறொன்றில்லை என்றே சொல்வேன்.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையால் துவண்டுபோனார்கள். அவர்களுடைய ரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. கிருமியா காரணம் என்று தேடிய வில்ஸ், கடைசியில் அவர்கள் சாப்பாட்டைக் கவனித்தார். காய், பழம், புரதம் எல்லாமே அதில் குறைவு. அதுபோன்ற உணவைக் கொடுத்து வளர்த்த குரங்குகளுக்கும் சோகை வந்தது. மார்மைட் கொடுத்ததும் தேறின. மார்மைட் என்பது பீர் தயாரித்தபின் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்கிற, ரொட்டியில் தடவும் மலிவான கரும்பசை. பெண்களும் அதைச் சாப்பிட்டுத் தேறினார்கள். 1931-ல் இதை உலகுக்கு அறிவித்தார். குன்னூரிலும், இன்றும் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது.

மார்மைட்டில் இருந்த மருந்து எது என்பது பத்தாண்டு கழித்துத்தான் புரிந்தது. 1941-ல் அமெரிக்காவில் நான்கு டன் கீரையை அரைத்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். பிறகு அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ. பிரதியாக வேண்டும், அதற்கு இந்தச் சத்து வேண்டும். கரு உருவாகி 28 நாளுக்குள், பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற நரம்புக்குழல் மூடிவிடுகிறது. அப்போது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்கள் டாக்டரிடம் போவதே அதற்குப் பிறகுதான். குழல் சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டு பிளவோடு பிறக்கலாம். அப்படி ஒரு குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மாரிடம் நடந்த பெரிய ஆய்வு 1991-ல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஆபத்து 72 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கிவிட வேண்டும். கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மாத்திரையையும் விடக்கூடாது.

“ரெண்டு உசுருக்குச் சாப்பிடு” என்பார்கள். அப்படி இரட்டிப்பாகச் சாப்பிடத் தேவையில்லை. கர்ப்பிணிக்குக் கூடுதலாக 350 கிலோகலோரி போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில்தான் அது 600 ஆகிறது. பசி அதிகமாகிற அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் பத்தியம் தொடங்குகிறது. சிலர் இளைப்பதற்காகப் பட்டினியும் கிடக்கிறார்கள்.

பிள்ளை பெற்று ஒரு மாதமான உறவுக்காரப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். தட்டில் குழைந்த சோறு, மிளகு ரசம், சுட்ட பூண்டு நாலு பல். கீரை இல்லையா என்றேன். “புள்ளைக்கு மாந்தம் வந்துரும்” என்றார் மாமியார். பேரன்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனால் கீரை போட்டாலும் போடாவிட்டாலும் பாலில் ஃபோலிக் அமிலச் சத்து பெரும்பாலும் குறைவதில்லை. தாயின் இருப்பைக் கரைத்தாவது உடல் அதைப் பாலுக்கு அனுப்பிவிடும். வெறும் ரசச்சோறு சாப்பிட்டால் வற்றிப்போவது அவள்தான். வைட்டமின் பி12 அப்படியல்ல; தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும். செடியில் அது கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன்தான் வழி.

அலமாரியில் இரும்பு-ஃபோலிக் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. “அதான் பிரசவம் ஆயிடுச்சே?” என்றாள் அந்தப் பெண். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிடணும்மா என்று சொல்லி, அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.