உடைமையும் கட்டுப்பாடும்: ஹிஞ்சிங்புரூக் வைத்தியசாலை தரும் படிப்பினை

மக்களின் வரிப்பணத்தால் இயங்கும் ஒரு வைத்தியசாலை யாருக்குச் சொந்தமானது என்ற வினாவுக்கு, மேலோட்டமாக நோக்குமிடத்து, விடை எளிதானதே. கட்டிடமும் நிலமும் அரசினுடையவை. எனவே அது மக்களுடையது என்போம். ஆயின் சட்டப்படியான உடைமை வேறு, அன்றாடக் கட்டுப்பாடு வேறு. இவ்விரண்டும் பிரிக்கப்படும்போது நிகழ்வது யாது என்பதை விளங்கிக்கொள்ள, இங்கிலாந்தின் ஹிஞ்சிங்புரூக் வைத்தியசாலையின் அனுபவம் பெரிதும் துணைபுரியும்.

கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தில் ஹண்டிங்டன் நகரையடுத்து அமைந்துள்ள இவ்வைத்தியசாலை, ஏறத்தாழ 160,000 மக்களுக்குச் சேவை செய்தது. 1948 இல் தொடங்கப்பட்ட தேசிய சுகாதார சேவையின் ஓர் உறுப்பு இது. காலப்போக்கில் இதன் கடன் ஏறத்தாழ 40 மில்லியன் பவுணாகப் பெருகியது. தனியார் நிர்வாகத்தை நாடும் முயற்சி தொழிற்கட்சி ஆட்சியிலேயே தொடங்கியது. அடுத்து வந்த கூட்டரசாங்கம் அதனை நிறைவேற்றியது. 2012 பெப்ரவரியில் சேர்க்கிள் என்னும் கம்பனி பத்தாண்டு ஒப்பந்தத்தின்கீழ் நிர்வாகத்தைப் பொறுப்பேற்றது. தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலையொன்று முழுமையாகத் தனியார் நிர்வாகத்தின்கீழ் வந்தது இதுவே முதன்முறையாகும்.

கட்டிடமும் ஊழியரும் பொதுத்துறையிலேயே இருந்தமையால், இது தனியார்மயம் அன்று என வாதிடப்பட்டது. கம்பனியும் தன்னை ஊழியர்களின் 'பங்காண்மை' எனச் சித்திரித்தது. இச்சொல்லாட்சி கவனத்திற்குரியது. ஊழியரின் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவானதே. பெரும்பான்மைப் பங்கு பங்குச்சந்தையில் பதிவுபெற்ற கம்பனியின் கையில் இருந்தது. சொற்கள் சமூக உறவுகளை விளக்குவதோடு, சில வேளைகளில் அவற்றை மறைக்கவும் செய்கின்றன.

ஒப்பந்தத்தின் உள்ளடக்கமே உண்மையை உணர்த்துகின்றது. ஆண்டு உபரியின் முதல் 2 மில்லியன் பவுண் கம்பனிக்கு உரியது. அதற்கு மேற்பட்டதிலும் அதற்குப் பங்குண்டு. நட்டம் ஏற்படின் கம்பனி செலுத்தவேண்டிய தொகைக்கோ எல்லை வகுக்கப்பட்டது. அது 5 மில்லியன் பவுணைக் கடந்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். பத்தாண்டுகளில் 311 மில்லியன் பவுண் மிச்சப்படுத்தப்படும் என்ற எதிர்பார்ப்பும் முன்வைக்கப்பட்டது. வைத்தியசாலையை நடத்துவதன் இடரை ஒருபோதும் முழுமையாகக் கைமாற்ற முடியாது என்று பாராளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 2013 இலேயே சுட்டிக்காட்டியது.

2015 ஜனவரியில் கம்பனி தான் விலகுவதாக அறிவித்தது. நிதிக்குறைப்பையும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் தொகை பெருகியமையையும் அது காரணங்களாகக் கூறியது. அதே நாளில், பராமரிப்புத் தரத்தை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு அவ்வைத்தியசாலை 'போதாத' தரத்தினது என அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையைக் கம்பனி ஏற்க மறுத்தது. எவ்வாறாயினும், 2015 மார்ச் இறுதியுடன் நிர்வாகம் மீண்டும் பொதுத்துறைக்கே வந்தது.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. நிதிக்குறைப்பும் நோயாளர் பெருக்கமும் பொது நிர்வாகத்தையும் வருத்துவனவே. ஆனால் பொது நிர்வாகம் விலகிச் செல்ல முடியாது, மூலதனமோ விலகலாம். இலாபம் தனியாருடையதாகவும் நட்டத்தின் இறுதிச் சுமை சமூகத்தினுடையதாகவும் அமைவது எவரது தனிப்பட்ட தீயகுணத்தாலும் அன்று. அது அவ்வுறவின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது.

அதேவேளை, கடன் பெருகியது பொது நிர்வாகத்தின் காலத்திலேயே என்பதையும் நாம் மறைத்தலாகாது. அரச உடைமை மட்டும் மக்கள் கட்டுப்பாடு ஆகிவிடாது. தொலைவிலுள்ள அமைச்சும் அதிகாரிகளும் தீர்மானிக்க, தாதியரும் சிற்றூழியரும் நோயாளரும் வாய்மூடி நிற்கும் நிலை நீடிக்குமாயின், தனியாரை அழைக்கும் குரலுக்கு அந்த அதிருப்தியே வலுவூட்டும். ஆகவே பொதுவுடைமையைப் பாதுகாக்கும் போராட்டமும் அதனைச் சனநாயகப்படுத்தும் போராட்டமும் வேறுவேறானவை அல்ல. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை வெல்லுதல் இயலாது.