இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஏற்ற கிளி எது?

பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் வேலைக்குப் போனபின், கணவனும் மனைவியும் மட்டும் தங்கிவிட்ட வீடுகள் கிராமத்திலும் நகரத்திலும் இன்று ஏராளம். மணமான புதிதில் தனிக்குடித்தனம் வந்த இளந்தம்பதியரும் உண்டு. வீட்டில் பேச்சுக்குரல் கேட்க ஒரு கிளியாவது வளர்க்கலாமே என்ற எண்ணம் இத்தகைய வீடுகளில் தோன்றுவது இயல்பு.

ஆனால் கடைக்குப் போய் நிறத்தை மட்டும் பார்த்துக் கிளி வாங்கியவர்கள் பலர் பிறகு வருந்துகிறார்கள். கிளி கத்துகிறது, கடிக்கிறது, தன் சிறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. முற்றத்தில் இருந்த கூண்டு கொல்லைப்புறத்துக்குப் போகிறது. இதில் கிளியின் குற்றம் ஏதுமில்லை. இனத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு.

கோழிக்குத் தீவனமும் தண்ணீரும் நல்ல கொட்டகையும் கிடைத்தால் போதும். கிளிக்கு அவை மட்டும் போதா. இயற்கையில் கூட்டமாக வாழும் பறவை அது. வீட்டில் தனியாக வளர்க்கப்படும்போது அங்குள்ள மனிதர்களையே தன் கூட்டமாகக் கொள்கிறது. இருவர் வீட்டில் அந்தக் கூட்டம் இரண்டே பேர். ஆகவே எந்தக் கிளி அழகு என்று பார்ப்பதற்கு முன், அந்த இருவரால் நாளுக்கு எத்தனை மணி நேரமும், மொத்தம் எத்தனை ஆண்டுகளும் அதற்குத் தர இயலும் என்று கணக்கிட வேண்டும்.

பச்சைக்கிளி வேண்டாம்

கிளி என்றதும் நம் நினைவுக்கு வருவது கழுத்தில் வளையமுள்ள பச்சைக்கிளிதான். இதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டுக் கிளியினங்கள் பாதுகாக்கப்பட்டவை. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் பச்சைக்கிளி அட்டவணையில் உள்ளது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'பொந்திலிருந்து விழுந்த குஞ்சு' என்று சொல்லி விற்பவரிடமும் வாங்கலாகாது. ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி இருந்தால், அதைத் திடீரென்று பறக்கவிடுவதும் தவறு. கூண்டில் வளர்ந்த பறவைக்கு இரை தேடவும், காகத்திடமிருந்து தப்பவும் தெரியாது. வனத்துறையினரிடம் ஒப்படைப்பதே முறை.

வளர்ப்பதற்கு உரியவை வெளிநாட்டு இனங்களில் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. இவற்றிலும் பல இனங்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. அவற்றை வைத்திருப்போர் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜெரிகர், காக்டெயில் ஆகிய இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே இவற்றுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இனங்களின் குணம்

பட்ஜெரிகர்: நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் இதுதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவை. நீளம் சுமார் 18 செ.மீ., எடை 30 முதல் 40 கிராம். 5 முதல் 10 ஆண்டுகள் வாழும். நாள் முழுதும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருக்கும். அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் இல்லை. சிறிய பறவைதானே என்று எண்ணிவிட வேண்டாம். கலிபோர்னியாவில் வளர்ந்த 'பக்' என்ற பட்ஜெரிகர் 1,728 சொற்கள் அறிந்திருந்ததாகக் கின்னஸ் சாதனைப் பதிவு கூறுகிறது.

காக்டெயில்: இதுவும் ஆஸ்திரேலியப் பறவையே. தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் இருக்கும். நீளம் சுமார் 32 செ.மீ., எடை 80 முதல் 100 கிராம். 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். சாதுவானது, தோளில் வந்து அமரும். பேச்சு குறைவு, ஆனால் ஆண் பறவை கேட்ட மெட்டைச் சீட்டியடிக்கும். இதன் சிறகிலிருந்து வெண்மையான தூள் உதிர்வதால், ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டுக்கு ஆகாது.

ஆப்பிரிக்க லவ்பேர்ட்: உண்மையான லவ்பேர்ட் இதுவே. குட்டை வால், பருத்த அலகு. சுறுசுறுப்பு மிகுதி, கடியும் மிகுதி. குரல் கூர்மையானது. 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள வகைகள் பதிவு செய்ய வேண்டிய பட்டியலில் உள்ளன. முகம் இளஞ்சிவப்பாக, வளையமின்றி இருக்கும் வகை அதில் இல்லை.

சன் கான்யூர்: மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கும் தென் அமெரிக்கக் கிளி. 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். விளையாட்டுக் குணம் உண்டு. ஆனால் இது கத்தினால் தெருவே கேட்கும். அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பொருந்தாது. பதிவும் தேவை.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி: பேச்சில் இதற்கு இணையில்லை. ஆனால் 40 முதல் 60 ஆண்டுகள் வாழக்கூடியது. ஆள் இல்லாமல் தனித்திருந்தால் மனம் கெட்டுச் சிறகைப் பிடுங்கிக்கொள்ளும். சர்வதேசப் பட்டியலில் மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் இணைப்பில் இது இடம் பெற்றுள்ளது.

யாருக்கு எது?

இருவரும் வேலைக்குப் போகிறவர்களாயின், ஒரு சோடி பட்ஜெரிகரே ஏற்றது. பகலெல்லாம் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும். குஞ்சு பொரிப்பது நோக்கம் இல்லையென்றால் இரண்டையும் ஆணாக வாங்கலாம், சண்டை இருக்காது. இரண்டு பெண்களைச் சேர்த்தால் சண்டை வரும். ஆணும் பெண்ணுமாக வாங்கினால் கூண்டில் பானை கட்டாமல் விட்டாலே போதும், பெரும்பாலும் முட்டையிடாது.

இருவரில் ஒருவராவது பகலில் வீட்டில் இருப்பவராயின் காக்டெயில் சிறந்தது. ஒற்றைப் பறவையாக வளர்த்தால் தினமும் இரண்டு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, மனிதருடன் இருக்க வேண்டும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் இரண்டாக வளர்க்கலாம்.

அறுபது வயதைக் கடந்த தம்பதியர் சாம்பல் கிளியை விரும்பினால் ஒன்றை யோசிக்க வேண்டும். தங்களுக்குப் பின் அதை யார் பார்ப்பார்கள்? பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்ற உறுதி இருந்தாலன்றி அந்த ஆசையை விட்டுவிடுவதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை. இருபது ஆண்டு வாழும் காக்டெயிலுக்கும் இந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும்.

ஒருவரிடம் மட்டும் ஒட்டுதல்

இருவர் வீட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தனிக்கிளி இருவரில் ஒருவரைத் துணையாகத் தேர்ந்துகொண்டு, மற்றவரை விரோதியாக எண்ணிக் கடிக்கத் தொடங்கும். பெரிய இனங்களில் இது கடுமையாக இருக்கும். மனைவியின் தோளில் கிளி இருக்கும்போது கணவர் அருகில் வர இயலாத நிலைகூட ஏற்படும். விருப்பமான அந்த ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் கிளி இரை எடுக்காமல் கிடப்பதும் உண்டு.

இதைத் தடுக்க முதல் நாளிலிருந்தே வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். காலைத் தீனி ஒருவர், மாலைக் கீரை மற்றவர் என்று வைத்துக்கொள்ளலாம். கிளிக்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தை, அது அதிகம் ஒட்டாதவரின் கையால் மட்டுமே கொடுக்க வேண்டும். கடித்தால் அடிப்பதும் கூச்சலிடுவதும் கூடாது. பேசாமல் கூண்டில் விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இன்னொரு தவறும் இருவர் வீட்டில் நேரும். 'நீங்கள் வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்' என்று இருவரும் சொல்லும் நாளில் பறவை பட்டினி கிடக்கும். தினையை உரித்துத் தின்றபின் உமி கிண்ணத்திலேயே தங்கிவிடும். பார்த்தால் கிண்ணம் நிறைந்தாற்போல் தெரியும். தினமும் உமியை ஊதிவிட்டுப் பார்ப்பது அவசியம்.

வாங்கும்போது

கூண்டு சுத்தமாக உள்ள இடத்தில் வாங்க வேண்டும். கண் தெளிவாகவும், மூக்குத் துளை உலர்ந்தும், ஆசனவாய்ப் பகுதி அழுக்கின்றியும் இருக்க வேண்டும். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி வழியும் பறவை நோயுற்றது. இளம் பட்ஜெரிகருக்கு நெற்றிக் கோடுகள் அலகு வரை இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் மறைந்துவிடும். அலகுக்கு மேலுள்ள சதைப்பகுதி, வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். தானே தீனி தின்னாத குஞ்சை வாங்கலாகாது. வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால், புதியதை 30 நாள் தனி அறையில் வைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

கூண்டும் தீனியும்

சோடிப் பட்ஜெரிகருக்கு 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம் உள்ள கூண்டு தேவை. காக்டெயிலுக்கு இதைவிடப் பெரியது வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. வட்டக் கூண்டு உதவாது. ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சிக்குப் பதில், பல பருமனில் கொய்யா, வேம்புக் கிளைகளைக் கழுவிக் கட்டினால் பாதத்தில் புண் வராது. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் இரவு வைக்கலாகாது.

தினை, சாமை, கம்பு ஆகியவை முக்கியத் தீனி. பட்ஜெரிகர் ஒன்றுக்கு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு தேக்கரண்டி போதும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. பழக்கும்போது பரிசாக மட்டும் கொடுக்கலாம். விதை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் 'ஏ' குறையும். ஆகவே முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய காரட் ஆகியவற்றைக் கழுவித் தினமும் கொடுக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையைக் கூண்டில் கட்டினால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், வெங்காயம் ஆகியவை கிளிக்கு நஞ்சு.

வீட்டில் உள்ள ஆபத்து

நம் வீடுகளில் பறவைக்கு முதல் எமன் மின்விசிறி. கூண்டைத் திறக்கும் முன் அதை நிறுத்திவிட வேண்டும். சன்னலையும் மூட வேண்டும். இரண்டாவது சமையலறை. நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது. கோடையில் பறவை அலகைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை விரித்து நின்றால் வெப்பம் தாக்கிவிட்டது என்று பொருள். உடனே நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றி நீர் தெளிக்க வேண்டும்.

கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் என்ற நோயும் உண்டு. கூண்டின் எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், ஈரமாக்கித் துடைத்தெடுத்துக் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கிளியை வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவது கூடாது. நோயைப் பறவை கடைசி வரை மறைக்கும். கூண்டின் தரையில் குந்தியிருந்தாலோ, மூச்சு விடும்போது வால் ஏறி இறங்கினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெளியூர்ப் பயணம்

மகள் பிரசவம், மகன் வீடு, கோயில் யாத்திரை என்று இருவரும் ஒன்றாகக் கிளம்ப நேரும். சோடியாக உள்ள பட்ஜெரிகரைப் பக்கத்து வீட்டார் தினமும் வந்து தீனியும் நீரும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றைக் கிளியை அப்படி விட முடியாது. அது பழகிய ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்த பிறகே கிளி வாங்கப் போவது நல்லது.

பேசும் கிளியும் பளிச்சிடும் கிளியும் பிறர் வந்து பார்த்து வியப்பதற்கு உதவும். தினமும் காலையில் கூண்டைத் துடைத்து, நீர் மாற்றி, கீரை கழுவிப் போடப்போவது வீட்டிலுள்ள அந்த இருவரே. அவர்களுடைய நேரத்துக்கும் வயதுக்கும் பொருந்துவது பெரும்பாலும் ஒரு சோடிப் பட்ஜெரிகர் அல்லது ஒரு காக்டெயில்தான்.