லிட்டருக்கு 58 கி.மீ. ஓடும் இரண்டு கோடி ரூபாய் கார்!

புது தில்லி: 727 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட 3.5 விநாடி. எடை 2.4 டன்னுக்கு மேல். இத்தகைய கார் ஒன்று 100 கி.மீ. ஓட 1.7 லிட்டர் பெட்ரோல் போதும் என்று 2024-ல் ஐரோப்பியச் சான்றிதழ் கூறியது. நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 58 கி.மீ. மோட்டார் சைக்கிளின் மைலேஜ்!

அந்த ஆண்டு நவம்பரில் இந்தியாவில் ரூ. 1.99 கோடி ஷோரூம் விலையில் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 தான் அந்தக் கார். "பிளக்-இன் ஹைபிரிட்' வகையைச் சேர்ந்தது. 4.4 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினும், வீட்டு மின் இணைப்பிலேயே சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியும், மின் மோட்டாரும் ஒரே காரில் அமைந்துள்ளன.

சான்றிதழ் பொய்யல்ல, அது ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் இந்தக் கார் 69 கி.மீ. வரை பெட்ரோலைத் தொடாமல் ஓடும் என்கிறது ஐரோப்பியச் சோதனை. மின்சாரத்தில் மட்டும் மணிக்கு 140 கி.மீ. வேகம் வரை செல்ல முடியும். உரிமையாளர் காரை அடிக்கடி சார்ஜ் செய்வார், பெரும்பாலான தூரத்தை மின்சாரத்திலேயே கடப்பார் என்று வைத்துக்கொண்டு, இரண்டு நிலைகளையும் கலந்து எடுக்கப்படும் சராசரியே 1.7 லிட்டர். பேட்டரி தீர்ந்த நிலையில் அதே சோதனையில் அதே கார் 100 கி.மீ.க்கு 10 லிட்டருக்குச் சற்று அதிகமாகக் குடிக்கிறது.

தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்குச் சுமார் 270 கி.மீ. பேட்டரியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் முதல் 69 கி.மீ. பெட்ரோல் செலவில்லை. மீதித் தூரத்துக்கு ஏறத்தாழ 21 லிட்டர் தேவை. ஆக லிட்டருக்கு 13 கி.மீ. சார்ஜ் செய்யாமல் திரும்பினால் போக வரச் சேர்த்து லிட்டருக்கு 11 கி.மீ. அளவில்தான் நிற்கும். இதுவும் சோதனைக்கூட அளவை வைத்துப் போட்ட கணக்கு. மாறாக, தினமும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு 50 கி.மீ. போய் வந்து, இரவில் தவறாமல் சார்ஜ் செய்பவருக்குப் பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டிய அவசியம் இல்லை. கார் ஒன்றுதான், ஓட்டுபவரின் பழக்கம்தான் வேறு.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு இன்னும் கறாரானது. அதன்படி மின்சாரத்தில் ஓடும் தூரம் சுமார் 40 கி.மீ. மட்டுமே. பேட்டரி தீர்ந்தபின் லிட்டருக்கு 6 கி.மீ.க்கும் குறைவு. ஹைபிரிட் அல்லாத முந்தைய தலைமுறை எம்5 அதே முகமையிடம் 7 கி.மீ.க்கு மேல் பெற்றிருந்தது. பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்ததில் காரின் எடை ஏறத்தாழ அரை டன் கூடிவிட்டதே காரணம். சார்ஜ் செய்யப்படாத ஹைபிரிட், சுமை தூக்கும் பெட்ரோல் கார் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சரி, சார்ஜ் செய்கிறார்களா? ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் தருகிறது. 2021-ல் பதிவான கார்களில் பொருத்தப்பட்ட எரிபொருள் அளவிகளிலிருந்து திரட்டிய விவரங்களின்படி, பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, சான்றிதழில் உள்ளதைப் போல் மூன்றரை மடங்கு. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் இந்த வித்தியாசம் சுமார் 20 சதவீதம்தான். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிலையமும் சர்வதேச தூய போக்குவரத்து கவுன்சிலும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. சொந்தக் கார் வைத்திருப்போர் ஓட்டிய தூரத்தில் 45 முதல் 49 சதவீதம் மின்சாரத்தில் அமைந்தது. நிறுவனம் வாங்கித் தந்த கார்களில் அது 11 முதல் 15 சதவீதம். பெட்ரோலுக்கு நிறுவனம் பணம் கட்டும்போது இரவில் ஒயரைச் செருக யாருக்குத் தோன்றும்? நம் நாட்டில் இரண்டு கோடி ரூபாய் கார்கள் பல, நிறுவனப் பெயரிலேயே பதிவாகின்றன என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

ஐரோப்பா சூத்திரத்தைத் திருத்தியது. மின்சாரத்தில் ஓடும் பங்கைக் குறைத்து மதிப்பிடும் முறை 2025 முதல் படிப்படியாக அமலாகி வருகிறது. பி.எம்.டபிள்யூ.வின் சிறிய பிளக்-இன் ஹைபிரிட்டான எக்ஸ்1, பழைய சூத்திரத்தில் கிலோமீட்டருக்கு 45 கிராம் கரியமில வாயு வெளியிடும் கார். புதிய சூத்திரத்தில் அதுவே 96 கிராம். காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

பணக்காரர் காரின் மைலேஜைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். வரியைப் பொறுத்தவரை இப்போது பெரிய காரணம் இல்லை. 2025 செப்டம்பர் 22 வரை பெரிய பெட்ரோல் செடான் கார்களுக்கு 48 சதவீதமும், ஹைபிரிட்டுகளுக்கு 43 சதவீதமுமாக ஜி.எஸ்.டி.யும் கூடுதல் தீர்வையும் வசூலிக்கப்பட்டன. அதன்பின் இரண்டுக்கும் 40 சதவீதம்தான். முழு மின்சாரக் கார்களுக்கு மட்டும் 5 சதவீதம்.

கவலைக்குரிய இடம் வேறு. "கஃபே' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவன சராசரி எரிபொருள் சிக்கன விதிமுறை 2017-18 முதல் அமலில் உள்ளது. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் அனைத்துக் கார்களின் சராசரி, குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது. 2022-23-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அந்த அளவு கிலோமீட்டருக்கு 113 கிராம். இந்தச் சராசரியைக் கணக்கிடும்போது ஒரு மின்சாரக் காரை மூன்று காராகவும், பிளக்-இன் ஹைபிரிட்டை இரண்டரைக் காராகவும், சார்ஜ் வசதியற்ற முழு ஹைபிரிட்டை இரண்டு காராகவும் எண்ண அனுமதி உண்டு.

எளிய உதாரணம்: கிலோமீட்டருக்கு 130 கிராம் வெளியிடும் பெட்ரோல் கார்கள் நூறை விற்கும் நிறுவனம் 113 கிராமுக்கு இறங்க வேண்டும். சான்றிதழில் 40 கிராம் உள்ள பிளக்-இன் ஹைபிரிட்டுகளை ஒன்றை ஒன்றாகவே எண்ணினால் 24 கார்கள் விற்க வேண்டியிருக்கும். இரண்டரையாக எண்ணினால் பத்தே போதும். அந்த 40 கிராம் சாலையில் மூன்றரை மடங்காகி 140 கிராம் ஆகிவிட்டால்? சராசரியைக் குறைக்க வந்த கார், சராசரியைவிட அதிகம் புகைக்கிறது. போதாக்குறைக்கு, நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால் அதற்கான இலக்கும் தளர்கிறது. 2.4 டன் கார் தன் எடையாலும் சலுகை சம்பாதிக்கிறது.

மின்சாரம் என்றால் புகையே இல்லை என்ற எண்ணத்தையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது; நிலக்கரியின் கைங்கரியம். எம்5-ன் பேட்டரியை நிரப்ப ஏறத்தாழ 20 யூனிட் தேவை. அப்படியானால் அந்த 69 கி.மீ.க்கும் கிலோமீட்டருக்குச் சுமார் 200 கிராம், காரின் பின்னால் அல்லாமல் அனல்மின் நிலையப் புகைபோக்கியில் போகிறது. ஆயினும் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், பெட்ரோலுக்குப் பதில் உள்நாட்டு மின்சாரத்தில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபமே. ஓடினால்!

எண்ணிக்கை சிறிது என்பது உண்மை. 2024-ல் பி.எம்.டபிள்யூ. குழுமம் மினி கார்களையும் சேர்த்து இந்தியாவில் விற்றது 15,721 கார்கள். நாட்டின் மொத்தப் பயணிகள் வாகன விற்பனையோ ஆண்டுக்கு 43 லட்சம். ஆனால் விதி சொகுசுக் காருக்கு மட்டும் எழுதப்படவில்லை. நாளை பெரிய நிறுவனங்கள் நடுத்தர விலையில் பிளக்-இன் ஹைபிரிட்டுகளைக் கொண்டு வந்தால் அதே இரண்டரை அவற்றுக்கும் பொருந்தும்.

எரிசக்தி சேமிப்புத் திருத்த மசோதாவை மக்களவை 2022 ஆகஸ்டிலும், மாநிலங்களவை அதே ஆண்டு டிசம்பரிலும் நிறைவேற்றின. விதியை மீறும் நிறுவனம், விற்ற ஒவ்வொரு காருக்கும் ரூ. 25 ஆயிரம் அல்லது ரூ. 50 ஆயிரம் அபராதம் செலுத்த வேண்டும் என்ற பிரிவு அதில்தான் வந்தது. அபராதத்தை நாடாளுமன்றம் நிர்ணயித்தது. அபராதம் வருமா, வராதா என்பதைத் தீர்மானிக்கும் இரண்டரை என்ற எண்ணோ அரசின் அறிவிக்கையில் இருக்கிறது. அறிவிக்கைகள் அவையின் மேஜையில் வைக்கப்படுவது உண்டு. புரட்டிப் பார்ப்பவர்கள் அபூர்வம்.

எரிசக்தித் திறன் செயலகம் மூன்றாம் கட்ட விதிகளின் வரைவை 2025 செப்டம்பரில் வெளியிட்டபோது, 909 கிலோவுக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு 3 கிராம் சலுகை தருவதா என்பதே பெரும் சர்ச்சையானது. மாருதி சுஸுகி ஆதரிக்க, டாடாவும் மஹிந்திராவும் எதிர்த்தன. 2027 ஏப்ரல் முதல் 2032 மார்ச் வரைக்கான அந்த வரைவில் பிளக்-இன் ஹைபிரிட்டுக்கான இரண்டரை மாற்றமின்றி இடம்பெற்றிருந்தது.