பாண்டா குகைக்குள் ஒரு வெப் கேமரா

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டது. இ-மெயில், பாட்டு, சினிமா தவிர வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்கிறீர்களா? நான் சிபாரிசு செய்வது 'பாண்டா கேம்'.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய மிருகக்காட்சி சாலை, தன் பாண்டா கரடிகளை 2000-ம் ஆண்டிலிருந்து வெப் கேமரா மூலம் இணையத்தில் நேரடியாகக் காட்டத் தொடங்கியது. புரோகிராம் எழுதி அலுத்துப்போன மாலை நேரங்களில் இதைத் திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். பெரும்பாலும் பாண்டா மூங்கில் தின்றுகொண்டிருக்கும், இல்லையென்றால் தூங்கும். வேடிக்கைக்காகத்தான் பார்த்தேன். இந்தக் கேமராக்களுக்கு வேறு வேலையும் உண்டு என்பது பிறகுதான் புரிந்தது.

பெண் பாண்டா கருத்தரிக்கக்கூடிய நேரம் வருடத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் 24 முதல் 72 மணி நேரம்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். எனவே சிறுநீரில் உள்ள ஹார்மோன்களைச் சோதித்து நாள் குறிக்கிறார்கள். ஜோடி சேராவிட்டால் செயற்கை முறையில் கருவூட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல். சினையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹார்மோன் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறது. சினையாகாத பாண்டாவும் கூடு கட்டும், சாப்பாட்டைக் குறைக்கும், குகைக்குள் சுருண்டு படுக்கும். உண்மைக்கும் பொய்க்கும் ஒரே விடை தரும் புரோகிராமை என்ன செய்வது? உட்கார்ந்து கவனிக்க வேண்டியதுதான். உள்ளே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. அதனால் கேமராவே கண், மைக்கே காது. பிறக்கும் குட்டியோ சுமார் 100 கிராம், தாயின் எடையில் ஏறக்குறைய 900-ல் ஒரு பங்கு!

இந்த மிருகக்காட்சி சாலைக்கு 1972-ல் வந்த லிங்-லிங் என்ற பெண் பாண்டா ஐந்து குட்டிகள் ஈன்றது. ஒன்றுகூடச் சில நாட்களுக்கு மேல் பிழைக்கவில்லை. 2000 டிசம்பரில் வந்த மெய் ஷியாங்குக்கு 2005-ல் பிறந்த டாய் ஷான்தான் அங்கே பிழைத்து வளர்ந்த முதல் குட்டி.

ஏழு வருடங்கள் கழித்து, 2012 செப்டம்பர் 16 அன்று இன்னொரு குட்டி பிறந்தது. 23-ம் தேதி காலை, மெய் ஷியாங் வேதனையோடு குரல் கொடுத்தது கேமரா வழியாகக் கேட்டது. ஊழியர்கள் ஓடிப் போய் எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. நுரையீரல் முழுதாக வளரவில்லை, கல்லீரலும் கெட்டிருந்தது என்று பரிசோதனையில் தெரிந்தது. கேமரா இருந்தால் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

2013-ல் பாவ் பாவ் பிறந்தது. அந்த அக்டோபரில் பட்ஜெட் சண்டையால் அமெரிக்க அரசு அலுவலகங்கள் மூடப்பட்டபோது பாண்டா கேமும் நின்றது. ஒரு கரடியைப் பார்க்க முடியவில்லை என்று அமெரிக்காவில் எத்தனை புலம்பல்! 2015-ல் இரட்டைக் குட்டிகள். தாய் ஒன்றை மட்டுமே கவனிக்கும் என்பதால், ஒன்றை இன்குபேட்டரில் வைத்து மாற்றி மாற்றித் தாயிடம் கொடுப்பது சீனாவின் செங்டு ஆராய்ச்சி மையத்தில் கைகண்ட முறை. மெய் ஷியாங் தன் கையில் இருந்த குட்டியை விட மறுத்தது; சிறிய குட்டி இறந்தது, பெய் பெய் பிழைத்தது. 2020-ல், 22 வயதில், உறைய வைத்த விந்தணுவைக் கொண்டு ஷியாவ் சி ஜி என்ற குட்டியையும் ஈன்றது!

மெய் ஷியாங் குடும்பம் 2023 நவம்பரில் சீனா திரும்பியது. 2024 அக்டோபரில் பாவ் லி, சிங் பாவ் என்ற புது ஜோடி வந்தது. பாவ் லி, நம் பாவ் பாவின் மகன். 2025 ஜனவரி 24 அன்று கேமரா மறுபடி உயிர் பெற்றது.

பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு விஷயம். நமக்கு மாலை ஆறரை மணி என்றால் அங்கே காலை எட்டு அல்லது ஒன்பது. அந்த நேரம்தான் நல்லது. நேரடி வீடியோ என்பதால் டேட்டா வேகமாகக் கரையும். அளவு வைத்த இணைப்பு என்றால் பார்த்து முடித்ததும் பிரவுசரை மறக்காமல் மூடிவிடுங்கள்.