மேம்படுத்திய பின் மந்தமான மடிக்கணினி

உத்தியோகத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் தமிழகத்திலிருந்து வந்து சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில் மடிக்கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்திலோ, 2015இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யிலோ பயிலும் பிள்ளைகள் பாடம் எழுதுவதும், பாட்டனும் பாட்டியும் அயல்நாட்டுப் பேரக்குழந்தையின் முகம் காண்பதும் அதன் வழியேதான். அத்தகைய சாதனம், புதிய இயங்குதளத்தை ஏற்ற மறுநாளே நத்தைபோல் ஊர்ந்தால் குடும்பத்தார் கலங்குவது இயல்பு. “பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்” என்று எவரேனும் கூறிவிட்டாலோ, மாதச் சம்பளக்காரர் பாடு திண்டாட்டந்தான். அம்முடிவுக்கு வருமுன் ஆராய வேண்டியன சில உள.

மைக்ரோசாப்ட் நிறுவனம் ‘விண்டோஸ் 10’ இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆகவே பாதுகாப்புக் கருதிப் பலரும் ‘விண்டோஸ் 11’க்கு மாறினர். இதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும், 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும் என்பது விதி. ஆயினும் இவ்வளவு, வாயிற்படியைத் தாண்டுவதற்குப் போதுமேயன்றி, வீட்டினுள் தாராளமாக நடமாடுவதற்குப் போதாது. 8 ஜிபி ரேம் இருப்பின் வேலை தடையின்றி நடக்கும்.

முதலாவது, பொறுமை வேண்டும். மாறிய பின் கணினி தன் கோப்புகளையெல்லாம் மீண்டும் அட்டவணைப்படுத்துகிறது. விடுபட்ட திருத்தங்களையும் இறக்கிக்கொள்கிறது. இவை நம் கண்ணுக்குப் புலப்படாமல் பின்புலத்தில் நிகழ்பவை. ஓரிரு நாள் மின்னிணைப்புடன் சில மணி நேரம் இயங்கவிட்டு, இடையில் ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் பல கணினிகள் தாமாகவே தெளிந்துவிடும்.

இரண்டாவது, தெளியாவிடின் நோயின் இருப்பிடத்தை அறிதல் வேண்டும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ தோன்றும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்னும் மூன்று பத்திகளை நோக்குக. எது நூறு விழுக்காட்டை நெருங்கி நிற்கிறதோ அதுவே இடுக்கண் உள்ள இடம். அங்கேயே ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், கணினி விழித்தவுடன் தாமும் விழிக்கும் செயலிகளைக் காணலாம். தேவையற்றவற்றை நிறுத்திவிடுக, வைரஸ் தடுப்புச் செயலியைமட்டும் தொடவேண்டா.

மூன்றாவது, சி டிரைவில் இடம் உளதா என்று காண்க. பழைய இயங்குதளம் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்னும் பெயரில் பல ஜிபி இடத்தை அடைத்துக் கிடக்கும். முன்னிருந்த நிலைக்கே திரும்ப விரும்புவோர்க்கு அதுவே வழி. அவ்வசதி பொதுவாகப் பத்து நாள் வரையே உண்டு. திரும்புவதில்லை என்று உறுதிசெய்த பின்னரே, செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ வழியாக அதனை நீக்குக.

நான்காவது, கணினி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே திரைக்குரிய டிரைவரைப் புதுப்பித்துக் கொள்க. உஷ்ணத்தையும் மறத்தலாகாது. கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் திருப்பதியில், மடிக்கணினியை மெத்தைமீது வைத்தால் காற்றுத் துளைகள் அடைபடும். சூடேறிய பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசைமீது வைத்தலும், விசிறியின் தூசியை அகற்றுதலும் செலவில்லாச் சிகிச்சைகள்.

இவ்வளவும் செய்தும் ‘டிஸ்க்’ பத்தி ஓயாது நூறைக் காட்டுமாயின், உள்ளே இருப்பது சுழலும் தகடுடைய பழைய ஹார்ட் டிஸ்க்காக இருத்தல் கூடும். அதனை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் அதே கணினி வியக்கத்தக்கவாறு விரைவுபெறும். புதியது வாங்கும் செலவில் ஒரு சிறு பங்கே இதற்கு ஆகும். ‘டிக், டிக்’ என்ற ஓசை எழுமாயின் தட்டு பழுதுபடுகிறது என்று கொள்க. உடனே திருமணப் படங்களையும், பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வேறொரு டிரைவில் படியெடுத்து வைத்தல் வேண்டும். கணினி போனால் மீண்டும் வாங்கலாம். அவற்றை எக்கடையிலும் வாங்க இயலாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. “உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்” என்று திரையில் தோன்றும் அறிவிப்பை நம்பி அழைப்போர், தம் வங்கிப் பணத்தை இழக்க நேரும். அவ்வாறு இழந்தோர் தாமதியாது 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்தல் வேண்டும்.

நம் சங்கத்தில் கணினி பயின்ற இளைஞர் பலர் உளர். அவர்கள் விடுமுறை நாளொன்றில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அண்டை வீட்டுப் பெரியோரின் கணினியை மேற்கூறிய முறையில் பார்த்துக் கொடுப்பாராயின், அக்குடும்பத்தின் பணமும் மிஞ்சும். பேரக்குழந்தையின் குரலும் தடையின்றிக் கேட்கும்.