கூலன்ட்டில் புகுந்த காற்று

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வரும் சாலைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்குத் திரளும் கூட்டம் அப்படி. வேகமாக ஓடும் காரின் ரேடியேட்டரை எதிர்காற்றே குளிர்விக்கும். ஊரும் காருக்கு விசிறி மட்டுமே துணை. கூலன்ட் குழாய்களில் காற்று அடைத்திருந்தால், அது பெரும்பாலும் இப்படிப்பட்ட நெரிசலில்தான் வெளிப்படும்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், கிணற்று மோட்டார் பம்பின் குட்டித் தம்பி. புட்வால்வு கசிந்து நீர் வடிந்து, காற்று நிறைந்த மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. நீர் ஊற்றி நிரப்பிய பிறகே இழுக்கும். கார் பம்புக்கும் அதே குணம்தான். இறக்கைகளுக்கு நடுவே காற்று சேர்ந்தால் சுழற்சி இருக்கும், ஓட்டம் இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெப்பத்தைக் கடத்துவதில் காற்று நீரைவிட 20 மடங்குக்கும் மேல் மட்டம். சிலிண்டர் ஹெட்டின் உச்சியில் குமிழி தங்கினால் அந்த இடம் மட்டும் தகிக்கும். வெப்ப சென்சார் காற்றில் நின்றால் மீட்டர் முள்ளும் நம்பத்தக்கதல்ல.

கூலன்ட் மாற்றும்போதும், ஹோஸ் கிளிப் தளர்ந்தாலும் காற்று புகும். அதை வெளியேற்ற மெக்கானிக்குகள் நம்புவது ஒன்றைத்தான்: காற்று மேலேதான் ஏறும். எனவே காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய எஞ்சினில் கூலன்ட்டை மெதுவாக ஊற்றுவார்கள். ப்ளீட் ஸ்க்ரூ உள்ள வண்டியில் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் திரவம் மட்டும் வழியும்போது இறுக்குவார்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சுமார் 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருப்பார்கள். அது திறந்ததும் மிச்சக் காற்று மேலே வரும், கூலன்ட் மட்டம் இறங்கும். எஞ்சின் ஆறியதும் குறைந்ததை நிரப்ப வேண்டும்.

சூடான வண்டியின் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கக் கூடாது. உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தம் இருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி கழன்ற கணமே கொதித்துப் பீறிடும்.

எத்தனை முறை காற்றை எடுத்தாலும் குமிழி ஓயவில்லையென்றால், ஹெட் கேஸ்கெட் விட்டுப்போய் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அப்படிக் கலந்தால் காற்றெடுப்பது வீண்வேலை; ஹெட்டைக் கழற்றி, அதன் தளம் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, கேஸ்கெட்டை மாற்ற வேண்டும்.